எட்டு மழைக்குழாய்

1

தோஹாவுக்கு நான் வந்து பத்து வருஷம் முடிந்த அன்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் 'வாழ்த்துகள் செல்லையன்' என்று எழுதியிருந்தது. செல்லையன் என் அப்பா. அவர் திருவனந்தபுரத்துக்கு வடக்கே கால் வைத்ததில்லை. பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் விசா, லேபர் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் அப்பா பெயர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஜெயசிங் என்று என்னைக் கூப்பிட இங்கே வீட்டுக்கு வெளியே சர்ச் சபையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். முதல் இரண்டு வருஷம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். இப்போது செல்லா என்று கூப்பிட்டால் தலை தானாகத் திரும்புகிறது.

கேக் தின்ற கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மேலாளர் டோனி தன் அறைக்குக் கூப்பிட்டார். டோனி லெபனான்காரர், நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் காப்பி கொடுப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் காப்பி கொடுத்தார்.

"மாடல் வேலையை இந்தியாவுக்குக் கொடுத்துப் பார்க்கப்போகிறோம், செல்லா. ஆறு மாசப் பரீட்சை. நாம் எடுத்திருக்கிற ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தை அவர்கள் செய்யட்டும். ஏதோ ஒரு சின்ன ஊர். பெயர் என் வாயில் நுழையவில்லை."

திரையை என் பக்கம் திருப்பினார். மார்த்தாண்டம் என்று இருந்தது.

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். மார்த்தாண்டம்! என் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம். தேனும் நேந்திரன் வாழைக்குலையும் விற்கிற ஊரில் தோஹா ஆஸ்பத்திரியைக் கட்டப்போகிறார்கள்! எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு மடக்குக் காப்பி உள்ளே போன பிறகுதான் அடுத்தது உறைத்தது. வேலை அங்கே போனால் நான் இங்கே எதற்கு?

டோனி சுற்றி வளைக்கவில்லை. அவர்கள் தேறிவிட்டால் இங்குள்ள மாடல் பிரிவை மூடிவிடுவார்கள். பதினோரு பேர், கடைசியாக நான். அவர்களைப் பழக்குவதும், ஆறு மாசம் கழித்து தேறினார்களா இல்லையா என்று எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. "அவர்கள் பாஷை உனக்குத் தெரியும் அல்லவா?" என்றார்.

2

நான் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் சரியாகச் சொல்லிப் புரியவைத்ததில்லை. ஒரு கட்டடத்தைத் தரையில் கட்டுவதற்கு முன்னால் கணினிக்குள் முழுசாகக் கட்டிப் பார்க்கிற வேலை. சுவர், தூண், உத்தரம், ஏசிக் குழல், தண்ணீர்க் குழாய், மின்கம்பி போகிற தட்டு என்று ஒன்று விடாமல் அதனதன் அளவில் அதனதன் இடத்தில் வைப்போம். பிறகு எது எதை இடிக்கிறது என்று பார்ப்போம். குழாய் உத்தரத்துக்குள் புகுந்தால் திரையில் சிவப்பாகக் காட்டும். அதற்குக் கிளாஷ் என்று பெயர். கணினியில் இடித்தால் மௌசை நகர்த்தித் தீர்த்துக்கொள்ளலாம். கான்கிரீட் போட்ட பிறகு இடித்தால் உடைத்துத்தான் தீர்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பிம் என்று பெயர். மயிலாடியில் என் மாமியார் வீட்டில் 'மருமகன் கம்ப்யூட்டர்ல வீடு கட்டுதாரு' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அங்கே தெருவுக்கு நாலு பேர் நிஜக் கல்லைச் செதுக்குகிறவர்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறில் வந்தபோது நான் வெறும் டிராஃப்ட்ஸ்மேன். தட்டையாகக் கோடு போடுகிறவன். நாலைந்து வருஷம் கழித்து, இனி எல்லாம் மாடல்தான் என்று கம்பெனி சொன்னது. முப்பத்தாறு வயதில் முதலிலிருந்து படித்தேன். படிக்காதவர்கள் ஊருக்குப் போனார்கள். நான் படித்து மேலே வந்து, பத்துப் பேருக்குத் தலைவனாகி, இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

அலாரம் நாலே முக்காலுக்கு அடிக்கும். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள், ஏசி அடிக்கிற அடியில் எனக்குத் தூக்கம் வராது. ஆறு நாள் இப்படி. ஏழாவது நாளான வெள்ளிக்கிழமை காலையில் ஆலயம், பிறகு பெரிய கடையில் சாமான் வாங்கித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது. பத்து வருஷத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். சலிப்பாக இருக்கிறதா என்று கேட்டால், சலிப்புக்கும் பழகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் மனைவி மேபல், மகள் அனிஷா. மேபல் மயிலாடிக்காரி. மலையாளம் கலந்து நான் பேசினால் பாட்டுப் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று கல்யாணத்தன்றே கேலி செய்த குடும்பம். ஊரில் டீச்சராக இருந்தாள், எனக்காக விட்டுவிட்டு வந்தாள். அனிஷாவை மூன்று வயதில் கொண்டுவந்தோம். இப்போது பன்னிரண்டு. வெளியே ஆங்கிலம், தோழிகளோடு மலையாளம், எங்களோடு ஏதோ ஒரு தமிழ். ஊரில் பஸ் பலகையில் உள்ள தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கச் சொன்னால் முகம் சிவந்துவிடும். ஊருக்கு விடுமுறையில் போனால் நாலாம் நாள், "எப்போ வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்பாள். வீடு என்று அவள் சொல்வது இங்கே உள்ள இரண்டு அறை ஃபிளாட்டை.

மார்த்தாண்டம் சங்கதியை வீட்டில் சொன்னேன். மேபல் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அவங்க ஜெயிச்சா நாம போவணும். அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான்."

"எனக்குப் போனா கொள்ளாம்" என்று ஆசையோடு சொன்னாள். பிறகு அனிஷாவின் அறைக் கதவைப் பார்த்தாள். அந்த மாசம்தான் அவளைப் பள்ளிக் கூடைப்பந்து அணியில் எடுத்திருந்தார்கள். ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டாள், தூங்கினாள். கதவுக்குள்ளிருந்து, "போகமாட்டோம்தானே அப்பா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

3

பயிற்சி கணினித் திரை வழியாக. முதல் நாள் பதினெட்டு முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தன. நானும் பெரிய ஆள் மாதிரி ஆங்கிலத்தில் தொடங்கினேன். பத்து நிமிஷம் தாண்டவில்லை, "மனசிலாச்சா?" என்று வாயில் வந்துவிட்டது. பதினெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

"சார் நம்ம பக்கமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"உண்ணாமலைக்கடையாக்கும்" என்றேன். அதோடு ஆங்கிலம் போயிற்று.

அந்தப் பெண்தான் ஷைனி. அந்தக் குழுவின் தலைவி. அருமனைக்காரி. அப்பா ரப்பர் வெட்டுகிறவர், அம்மா இல்லை. சிவில் இஞ்சினியரிங் படித்துவிட்டு ஒன்றரை வருஷம் ஜவுளிக்கடையில் பில் போட்டிருக்கிறாள். அந்த ஜவுளிக்கடைக்கு ரெண்டு மாடி மேலேதான் இந்த ஆபீஸ் வந்தது. "படியேறி வந்தேன் சார், வேல கெடச்சுது" என்பாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போக மனசில்லாமல் ஊரிலேயே கிடந்தவளுக்கு, ஊரிலேயே படித்த படிப்புக்கு ஒரு வேலை. ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். என்னிடம் ஐந்து வருஷம் வேலை செய்தவனுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டும்.

நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எழுதியாக வேண்டும். படத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் அதற்கென்று ஒரு கேள்வித்தாள் உண்டு. நம்பர் போட்டு, எழுதி, மேலே அனுப்ப வேண்டும். அதில் அந்தப் படத்தைச் சரிபார்த்தவன் பெயர் ஒரு கட்டத்தில் வரும். பின்பக்கக் கட்டடத்தின் படங்களைச் சரிபார்த்தவன் நான். கேள்வி கூடக்கூட, செல்லையன் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று ஆகும். அதனால் இரண்டாம் வாரமே சொன்னேன்.

"சந்தேகத்த எழுத்துல போடாதீங்க மக்களே. எனக்குப் போன் பண்ணிக் கேளுங்க. எழுத்துல போனா எனக்க பேருக்காக்கும் கெடுதி."

"செரி சார்" என்று பதினெட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

4

புதன்கிழமைதோறும் கிளாஷ் கூட்டம். பெரிய திரையில் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். சிவப்பு எங்கே இருக்கிறதோ அந்த ஆள் தலையைக் குனிந்துகொள்வான். ஐந்தாம் மாசத்தில் ஒரு புதன்கிழமை மார்த்தாண்டத்து மாடலைத் திறந்தார்கள். அதுவரை சுத்தமாக வந்துகொண்டிருந்த மாடல். அன்று மாடியிலிருந்து தரைவரை ஒரே சிவப்பு. முந்நூறுக்கு மேலே கிளாஷ்.

காரணம் மழைக்குழாய். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கப் படத்தில் இரண்டே குழாய் இருந்தது. மாடலில் எட்டு. கூடுதலாக வந்த ஆறும் ஏசிக் குழலைக் குத்திக்கொண்டும் மின்தட்டை அறுத்துக்கொண்டும் இறங்கியிருந்தன. ஒன்று ஆபரேஷன் தியேட்டரின் கூரை வழியாக நேராக இறங்கியிருந்தது.

"ஆபரேஷன் கழிஞ்சா அங்கேயே குளிக்கவும் செய்யாம்" என்றார் ஒரு மலையாளி இஞ்சினியர். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தது இப்போது நினைத்தாலும் கசக்கிறது.

கூட்டம் முடிந்ததும் டோனி மறுபடி காப்பி கொடுத்தார்.

"படத்தில் இல்லாததை யாரையும் கேட்காமல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வேலையில் இது சின்னத் தப்பு இல்லை. நீ நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுது. தயாராகவில்லை என்று நீ எழுதினால் அந்த ஆபீசை மூடிவிடுவார்கள். இந்தப் பேச்சு இரண்டு வருஷத்துக்கு எழாது. உன் மகளுக்கும் பள்ளிக்கூடம் கெடாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ பார்த்து எழுது."

அதற்கு மேல் ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்?

வீட்டில் அனிஷாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. "அவங்க ஃபெயிலா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொய்யொன்றும் எழுத வேண்டாமே. எட்டுக் குழாய் வைத்தது நிஜம்தானே.

5

இந்த நாட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால் கம்பெனி அனுமதிச் சீட்டுத் தர வேண்டும். கம்பெனிதான் என்னை அனுப்புகிறது, அந்தக் கம்பெனியிடமே நான் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் 'கம்பெனி அனுப்புகிறது' என்று எழுதினேன். 'சரியான காரணம் எழுதவும்' என்று திரும்பி வந்தது. 'சொந்த ஊர்' என்று எழுதினேன். உடனே கையெழுத்தாகிவிட்டது.

ஊரில் இறங்கியபோது எடவப்பாதி மழை, ஜூன் மாசத்துப் பருவமழை, தொடங்கியிருந்தது. உண்ணாமலைக்கடையில் நான் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற வீட்டைத் திறந்தேன். பூசணம் பிடித்த வாடை. கட்டி ஏழு வருஷம், நான் அதில் படுத்தது எல்லாம் சேர்த்து நாலு மாசம் இருக்காது. சுவிட்சைப் போட்டால் பாதி விளக்கு எரியவில்லை. மார்த்தாண்டத்தில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது, சாலை முழுவதும் சேறு. ஆட்டோவில் போகும்போது, "கலாஸ், போதும், இங்க நிறுத்துங்க" என்று அரபி கலந்து வந்துவிட்டது. "கல்ஃபா அண்ணே?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். தோஹாவில் செல்லையன், ஊரில் கல்ஃப்.

ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஆபீஸ். பதினெட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். யாருக்கும் முகத்தில் ரத்தம் இல்லை. முந்நூறு கிளாஷ் என்று மின்னஞ்சல் வந்ததிலிருந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் ஷைனியை மட்டும் சன்னலோரத்து மேசைக்குக் கூப்பிட்டேன்.

"ஆறு பைப்பு கூட வச்சது ஆரு?"

"நான்தான் சார்."

"படத்துல ரெண்டுதானே கெடக்கு?"

"ரெண்டுதான் சார் கெடந்துது. அது போட்டவங்களுக்குக் கைத்தப்பு வந்திருக்கும்னு நெனச்சேன். அவ்வளவு பெரிய மொட்டமாடிக்கு ரெண்டே ரெண்டு பைப்பா? தண்ணி எல்லாம் மேலயே கெட்டிக் கெடக்கும்லா?"

சொல்லிவிட்டுச் சன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து நாலு குழாய் வழியாகவும் மழை பொத்துக்கொண்டு கொட்டியது. அதுவும் போதாமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வழிந்தது.

"அங்க வருஷத்துல நாலு நாள் தூறினாலே பெருசு பிள்ளே" என்றேன்.

"எனக்கு எப்பிடி சார் தெரியும்? மழ இல்லாத ஊர நான் பாத்ததில்லியே."

எனக்கு எரிச்சல் வந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததால் வந்த எரிச்சல் அது.

"தெரியல்லன்னா கேக்கண்டாமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளையளா நீங்க?"

"கேட்டேன் சார்."

"எப்பம் கேட்ட?"

"ஒரு வியாழக்கிழம மத்தியானம் போன் பண்ணினேன். 'மகளுக்க ஸ்கூல்ல நிக்குதேன், பொறவு கூப்பிடுதேன்'னு சொன்னிய. நான் ஏழு மணி வர ஆபீஸ்லயே இருந்தேன். நீங்க கூப்பிடல்ல. அடுத்த நாளு உங்களுக்கு லீவு. சனிக்கிழம மாடல் அனுப்பணும், எது எத இடிக்குதுன்னு பாக்க நேரமில்ல."

எனக்கு நினைவு வந்தது. கூடைப்பந்து அணியின் முதல் போட்டி நடந்த நாள். அனிஷாவின் பெயரைப் படித்த சமயத்தில் போன் வந்தது. அவசரமாக வைத்தேன். பிறகு கூப்பிட மறந்தேபோனேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பிடின்னா எழுத்துல போட்டிருக்கலாம்லா?"

ஷைனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை குனிந்தே பேசினவள்.

"நீங்கதானே சார் போடப்பிடாதுன்னு சொன்னிய. அந்தப் படத்துல கெடக்கது உங்களுக்க கையெழுத்தாக்கும். ரெண்டு பைப்பு தப்புன்னு நாங்க எழுதி மேல போனா, நம்ம ஊருக்காரருக்கு அங்க எல்லாருக்க முன்னாலயும் மானக்கேடு. சத்தம் காட்டாம சரிபண்ணிப் போட்டா ஆருக்கும் தெரியாதுன்னு பதினெட்டு பேரும் சேந்துதான் முடிவெடுத்தோம்."

என் மானத்தைக் காப்பாற்ற ஆறு குழாய் வைத்திருக்கிறார்கள். தப்பே இல்லாத இடத்தில், நான் தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காட்டிக்கொடுக்காமல் மூடி மறைத்திருக்கிறார்கள். பெரியவர் தப்பைப் பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லாமல் பக்கத்திலிருந்து சரிசெய்துவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டுவது. ஆலயத்தில் உபதேசியார் வசனத்தை மாற்றிப் படித்தால்கூடச் சபை சரியாகவே கேட்டுக்கொள்ளும். தோஹாவில் இதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? எனக்குப் புரிந்தது. அதுதான் தொல்லை.

"நாங்க தோத்தாச்சுன்னா ஆபீச பூட்டிருவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"பூட்டிருவாங்க."

"ஜெயிச்சா உங்களுக்கு என்ன ஆவும் சார்?"

அவளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. "எனக்கு என்ன ஆவப்போவுது? ஒண்ணும் ஆவாது" என்றேன்.

6

ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து அவர்கள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். தப்புத் தேடித்தான் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு வால்வுக்கு முன்னாலும் ஒரு ஆள் குனிந்து கைவைக்க இடம் விட்டிருந்தார்கள். அப்படி விடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டால், "பொறவு கேடு வந்தா அத நன்னாக்க வாற ஆளுக்கு முதுகு ஒடிஞ்சு போவும்லா சார்" என்றாள் ஷைனி. அந்த ஆறு குழாயைத் தவிர ஒரு குற்றமும் சொல்ல முடியாத வேலை. என்னுடைய பத்துப் பேர் செய்கிறதைவிட நல்ல வேலை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றார்கள். காலை வெளிச்சத்தில் கண்ணாடிச் சுவர் பக்கம் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். முதலில் எழுதியது ஒன்றரைப் பக்கம். 'படத்தில் இல்லாததைக் கேட்காமல் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை.' ஒரு வார்த்தையும் பொய் இல்லை. படித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அனுப்புகிற பொத்தானுக்கு மேலே விரலையும் வைத்துவிட்டேன்.

அனுப்பினால் என்ன? மகள் பந்து விளையாடுவாள். நானும் இன்னும் இரண்டு வருஷம் ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறி உட்காருவேன். ஷைனி மறுபடி ரெண்டு மாடி இறங்கிப் போய்ப் பில் போடுவாள். எதற்காக? நான் ஒரு போனைத் திருப்பிப் போடாததற்காக. சவம், என்னால் முடியவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்க இதைச் செய்யவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கேள்வித்தாளில் எழுத வேண்டாம் என்று தடுத்தது நான். கேட்டு வந்த போனுக்குப் பதில் சொல்லாமல் விட்டதும் நான். குழு தயார். குழுத்தலைவி ஷைனியைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. கடைசியில் என் பெயரை முழுசாக எழுதினேன், ஜெயசிங் என்று. அனுப்பினேன். விமானம் இன்னும் வந்திருக்கவில்லை.

டோனி இந்தத் தடவை காப்பி கொடுக்கவில்லை. "உன் வேலைக்கு நீயே உத்தரவு எழுதிவிட்டாய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மார்த்தாண்டம் ஆபீசைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். போகிறாயா?" என்றும் அவரே கேட்டார். போகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? இந்த வயதில் வேறு கம்பெனிப் படியேறி நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

வீட்டில் மேபலிடம் சொன்னேன். ஊருக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

"ஒனக்குத்தான் போவ இஷ்டமாச்சே?"

"எங்கிட்ட இல்ல. அவகிட்ட."

அனிஷாவிடம் நானே போய்ச் சொன்னேன். 'ஓகே' என்றாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ஓகே என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் அந்த ஏழாம் நம்பர் பனியனை அவளே துவைத்து, மடித்து, பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

7

விசாவை ரத்து செய்கிற வேலை இருக்கிறதே, அது வருகிற வேலையைவிடப் பெரிது. அனிஷாவின் மாற்றுச் சான்றிதழில் மட்டும் நாலு முத்திரை வேண்டும். ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு வரிசை. மூன்றாவது இடத்தில் இருந்தவர், மகளின் சான்றிதழில் அப்பா பெயர் ஜெயசிங் என்றும் என் அட்டையில் செல்லையன் என்றும் இருக்கிறதே, நீங்கள் யார் என்று கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு நாள் அலைந்து இரண்டும் நான்தான் என்று எழுதி வாங்கினேன்.

இதை எழுதுகிற இப்போது வீடு முழுவதும் அட்டைப்பெட்டி. வருகிற வாரம் கிளம்புகிறோம். நேற்று சாயந்திரம் பாத்திரத்தைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தோம். அனிஷா ஒரு பக்கமாக உட்கார்ந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மார்த்தாண்டத்திலிருந்து போன். ஷைனி.

"சார், ஒரு காரியம் சொல்லணும். கோவப்படப்பிடாது."

"சொல்லு பிள்ளே."

"எனக்கு விசா வந்தாச்சு சார். தோஹாக்காக்கும். வேற கம்பெனி. உங்க ரிப்போர்ட்டுல என்னப்பத்தி எழுதின பக்கத்த டோனி சார் எனக்கு அனுப்பினாரு. அதத்தான் இண்டர்வியூல காட்டினேன். அதப் படிச்சுட்டு வேற ஒண்ணும் கேக்கல்ல சார் அவங்க."

பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"ஏன் ஷைனி? ஊருலயே வேல வேணும்னுதானே நின்ன?"

"அப்பம் அப்பிடித்தான் சார் நெனச்சேன். ஆனா பத்து மாசமா அந்த ஆஸ்பத்திரிய சொவரு சொவரா கெட்டினேன். எந்தக் கதவு எங்க தொறக்கும்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். ஒரு தடவயாவது அதுக்குள்ள நடந்து பாக்கண்டாமா சார்? ரெண்டு வருஷம். பொறவு வந்திருவேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அப்பா நேரா மார்க்கெட்டுக்குப் போயி பெட்டிக்குப் பூட்டு வாங்கிட்டு வந்தாரு."

எந்த மாசம் குளிரும், என்ன மருந்து கொண்டுவர வேண்டும், லேபர் கார்டு விண்ணப்பத்தில் அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். 'தேங்க்ஸ் சார்' என்று நாலைந்து தடவை சொன்னாள். வைத்துவிட்டேன்.

மேபல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கதியைச் சொன்னேன். "பாவம் அந்தப் பிள்ள" என்றேன். "ஊர விட்டு, தெரிஞ்ச மனுஷங்கள விட்டு, மொழி தெரியாத இடத்துல வந்து என்ன பாடு படப்போவுதோ. எனக்கு மனசே செரியில்ல."

டேப் கிழிகிற சத்தம் நின்றது.

"அப்பா," என்றாள் அனிஷா. அவள் தமிழில் நீளமாகப் பேசுவது அபூர்வம். வார்த்தை வார்த்தையாகத் தேடித்தான் சொன்னாள். "அந்த அக்கா அவங்க ஊர விட்டுட்டு இங்க வராங்க. அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நீங்க ஃபீல் பண்றீங்க. நான் என் ஊர விட்டுட்டு அங்க போறேன். எனக்கு யாரு ஃபீல் பண்றா?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டமாதிரி கேட்டாள். மேபல் திரும்பிக்கொண்டாள். என் ஊர் என்று அனிஷா சொன்னது இந்த ஊரை. பத்து வருஷத்துக்கு மேல் இங்கே தின்று உறங்கினேன், ஒரு தடவைகூட என் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. அதனால் அவளுக்கும் வராது என்றே இருந்துவிட்டேன்.

நான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்த டேப்பை வாங்கி வைத்தேன். நேற்று அதற்குமேல் எந்தப் பெட்டியையும் நாங்கள் ஒட்டவில்லை.